சின்ன கிளினிக்குக்கு ஸ்கேனர் வாங்குவது எப்படி: காகிதக் கட்டிலிருந்து தொடங்கும் முழு வழிகாட்டி

ஸ்கேனர் வாங்க நினைக்கிற கிளினிக்குகள் முதலில் கேட்பது, "நிமிஷத்துக்கு எத்தனை பக்கம் ஓடும்?" என்பதைத்தான். அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. மேசையில் வைக்கிற சாதாரண ஸ்கேனரே நிமிஷத்துக்கு முப்பது தாள் ஓடும், அதாவது தாளுக்கு இரண்டு வினாடி. நேரத்தைத் தின்பது வேறு வேலைகள்: ஸ்டேப்ளர் பின் எடுப்பது, மடிப்பை நீவுவது, இது எந்த முருகனுடையது என்று பார்த்துச் சரியான பெயர் போட்டுச் சேமிப்பது.

அதனால் காகிதம், ஆள், மென்பொருள், அதற்கப்புறம் மெஷின் என்ற வரிசையில் போவோம். ஒன்றிரண்டு டாக்டர், ஒரு ரிசப்ஷன், நாளுக்கு ஐம்பதிலிருந்து நூறு பேர் வந்து போகிற ஓபி கிளினிக்கை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். படுக்கை வசதியுள்ள நர்சிங் ஹோமுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. ஒரு வாரத்துக் காகிதத்தை எண்ணுங்கள்

ஒரு நாள் கணக்கு போதாது. திங்கட்கிழமைக் கூட்டமும் வியாழக்கிழமைக் கூட்டமும் ஒன்றல்ல. ரிசப்ஷனில் ஒரு தாளை ஒட்டி, ஒரு வாரத்துக்கு வருகிற ஒவ்வொரு காகிதத்துக்கும் கோடு போடச் சொல்லுங்கள். எத்தனை என்பதோடு எந்த மாதிரி என்பதும் வேண்டும்.

மூன்று கட்டாகப் பிரித்தால் போதும். முதல் கட்டு, ஏ4 அளவில் தனித்தனித் தாளாக வருபவை: லேப் ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, இன்சூரன்ஸ் கிளெய்ம் படிவம். இரண்டாவது, சிறியதும் மெல்லியதும் நீளமானதும்: அரைத்தாள் மருந்துச் சீட்டு, கார்பன் நகல், இசிஜி சுருள், தெர்மல் பில். மூன்றாவது, தானாகத் தாளை இழுக்கும் ஃபீடருக்குள் போகவே போகாதவை: நோயாளி கையோடு கொண்டுவரும் நீள நோட்டு, கர்ப்பிணிகளின் தாய் சேய் நலப் புத்தகம், பைண்ட் செய்த பழைய ஃபைல், ஸ்டிக்கர் ஒட்டிய தாள்.

எந்த வகை ஸ்கேனர் என்பதைத் தீர்மானிப்பது மூன்றாவது கட்டுதான். நாளுக்கு நான்கைந்து நோட்டாவது வருகிறதென்றால், ஃபீடர் மட்டும் உள்ள மெஷினை வாங்கிவிட்டுத் தினமும் திண்டாட வேண்டியிருக்கும்.

எக்ஸ்ரே ஃபிலிமை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அதற்கு வெளிச்சம் ஃபிலிமை ஊடுருவி வர வேண்டும். காகித ஸ்கேனர் மேலே பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை வைத்துப் படம் பிடிப்பது. எடுத்த சென்டரிலேயே டிஜிட்டல் படமாகவோ சிடியாகவோ கேட்டு வாங்குவதுதான் வழி.

2. பழைய ரெக்கார்டு மலையைத் தனியாக வையுங்கள்

புதுசாக ஆரம்பிப்பவர்கள் அடிக்கடி இடறுவது இங்கேதான். அலமாரியில் அடுக்கியிருக்கும் பழைய ஃபைல்களையும் கணக்கில் சேர்த்து, அதற்கேற்ற பெரிய மெஷினைத் தேட ஆரம்பிக்கிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 8,000 ஃபைல், ஃபைலுக்கு ஆறு தாள் என்றால் 48,000 தாள். பின் எடுத்து, அடுக்கி, ஓட்டி, பெயர் போட்டு, சரிபார்த்து மணிக்கு 200 தாள் முடிந்தாலும் 240 மணி நேரம் ஆகும். மெஷினின் வேகத்தை இரட்டிப்பாக்கினால் இதில் குறைவது கொஞ்சம்தான், ஏனென்றால் பெரும்பகுதி கை வேலை.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்ய வேண்டிய அவசியமும் இல்லை. இந்திய மருத்துவ கவுன்சிலின் 2002 ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, உள்நோயாளிகளின் பதிவேடுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆகவே பழைய நோயாளி மறுபடி வரும் அன்று அவருடைய ஃபைலை மட்டும் எடுத்து ஸ்கேன் செய்யுங்கள். திரும்பி வராதவர்களின் ஃபைல் அலமாரியிலேயே இருக்கட்டும். மொத்தமாக முடித்தே ஆக வேண்டும் என்றால், ரகசியக் காப்பு ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொண்டு, கிளினிக்குக்கே வந்து செய்து தரும் ஆட்களிடம் ஒருமுறை வேலையாகக் கொடுங்கள். காகிதம் கட்டிடத்தை விட்டு வெளியே போக வேண்டாம்.

ஸ்கேன் செய்துவிட்டோம் என்று எல்லா மூலத்தாளையும் கிழித்துப் போடக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு அல்ட்ராசவுண்ட் செய்யும் இடங்களில் கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் பிசிபிஎன்டிடி சட்டப்படி நிரப்பும் ஃபார்ம் எஃப் படிவம் இரண்டு வருடம் பத்திரமாக இருக்க வேண்டும். வழக்கு இருந்தால் அது முடியும் வரை. கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம், விபத்துப் பதிவேடு போன்றவற்றையும் மூலமாகவே வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63 ஆவது பிரிவின்படி, மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்கச் சான்றிதழ் இணைக்க வேண்டும். கையில் மூலத்தாள் இருந்தால் அந்தத் தலைவலி குறையும்.

3. யார், எப்போது ஸ்கேன் செய்வார்கள்?

இரண்டு முறை உண்டு. நோயாளி நிற்கும்போதே கவுண்டரில் ஒவ்வொன்றாக ஓட்டுவது ஒன்று. நாள் முடிவில் மொத்தமாக ஓட்டுவது இன்னொன்று.

கவுண்டர் முறைக்கு இடம் அடைக்காத, சீக்கிரம் உயிர்பெறும், ஒரு பட்டனில் வேலை முடிகிற மெஷின் வேண்டும். மொத்தமாக ஓட்டுவதற்கு ஐம்பது தாளாவது பிடிக்கும் ஃபீடரும், ஒரு நோயாளியின் தாள் முடிந்து அடுத்தவருடையது தொடங்குவதைக் கண்டுகொள்ளும் மென்பொருளும் வேண்டும். ஓபி எண்ணைப் பார்கோடாக அச்சிட்ட ஒரு தாளை இடையில் வைத்தால் தானாகப் பிரித்து, அந்த எண்ணையே ஃபைல் பெயராகப் போடும் வசதி பல ஸ்கேனர்களோடு வரும் மென்பொருளில் இருக்கிறது.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கூட்டம் நெருக்கும் கிளினிக்கில் கவுண்டர் முறை நடக்காது. போனையும் டோக்கனையும் பில்லையும் பார்க்கிற ஒரே ஆள் ஸ்கேனும் செய்வார் என்று திட்டம் போட்டால், மூன்றாவது நாளே "அப்புறம் பார்த்துக்கலாம்" டப்பா ஒன்று மேசைக்கடியில் முளைத்துவிடும். மறுநாள் காலை கூட்டம் இல்லாத ஒரு மணி நேரத்தை இதற்கென்றே ஒதுக்குவது நல்லது.

ஒரே விதிவிலக்கு தெர்மல் காகிதம். இசிஜியும் தெர்மல் பில்லும் சூட்டில், பிளாஸ்டிக் உறையில், செல்லோடேப்பின் அடியில் மங்கும். சானிடைசர் ஈரக் கையோடு தொட்டால் அந்த இடம் கறுத்துவிடும். அவற்றை வந்த உடனே ஸ்கேன் செய்ய வேண்டும்.

4. உங்கள் கிளினிக் மென்பொருளோடு பேசுமா?

மெஷினைத் தேர்ந்தெடுக்கும் முன், கிளினிக் மென்பொருள் விற்றவருக்குப் போன் போட்டுக் கேளுங்கள்: ஸ்கேனரை நேரடியாக இயக்குகிறதா, ட்வெயின் டிரைவர் (மற்ற மென்பொருளுக்குள்ளிருந்து ஸ்கேனரை இயக்க உதவும் பொதுவான இணைப்பு மென்பொருள்) வேண்டுமா, அல்லது ஒரு ஃபோல்டரில் பிடிஎஃப் வந்து விழுந்தால் அதுவே எடுத்துக்கொள்ளுமா?

இதைக் கேட்காமல் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்கேன்ஸ்னாப் ஐஎக்ஸ்1600 நல்ல உதாரணம். அருமையான மெஷின், வீட்டுக்கும் சின்ன ஆபீசுக்கும் கச்சிதம். ஆனால் அதற்கு ட்வெயின் டிரைவர் கிடையாது. ட்வெயின் மட்டுமே தெரிந்த மென்பொருளுக்குள்ளிருந்து அதை இயக்க முடியாது. ஃபோல்டர் வழியாகத்தான் போக வேண்டும். அதே குடும்பத்தின் எஃப்ஐ வரிசையில் ட்வெயின் உண்டு. பெட்டியைப் பார்த்து இந்த வித்தியாசம் தெரியாது.

பிரவுசரில் ஓடும் மென்பொருள் என்றால் இன்னும் கவனம் தேவை. பிரவுசரால் தானாக ஸ்கேனரை இயக்க முடியாது. கணினியில் ஒரு துணை மென்பொருளைப் போட வேண்டியிருக்கும், இல்லையென்றால் ஒவ்வொரு ஃபைலாக அப்லோட் செய்ய வேண்டும். நாளுக்கு அறுபது அப்லோட் என்றால் யாரும் செய்ய மாட்டார்கள்.

பழைய மெஷினை மலிவாக வாங்கி நெட்வொர்க் ஃபோல்டருக்கு அனுப்ப நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் பழைய முறையான எஸ்எம்பி1-ஐ மட்டும் அறிந்த மெஷின்கள், 2017 இறுதிக்குப் பிந்தைய விண்டோஸ் பதிப்புகளில் புதிதாக நிறுவிய கணினியோடு பேசாது. பாதுகாப்புக் காரணத்துக்காக நிறுத்திவைத்த அந்த வசதியை ஸ்கேனருக்காகத் திறந்துவிடாதீர்கள். ஒரே கணினி உள்ள இடத்தில் யூஎஸ்பி கேபிளே போதும். வைஃபை இருந்தால் கூடுதல் வசதி, அவ்வளவுதான்.

5. எந்த வகை மெஷின்?

இப்போது உங்கள் மூன்று கட்டுகளைப் பாருங்கள்.

மூன்றாவது கட்டு அனேகமாக இல்லையென்றால் ஃபீடர் மட்டும் உள்ள ஸ்கேனர். இடம் குறைவாகப் பிடிக்கும், உழைக்கும். நோட்டும் புத்தகமும் தினமும் வந்தால் மேலே கண்ணாடி, அதன் மூடியில் ஃபீடர் என இரண்டும் சேர்ந்தது. இரண்டு கணினி மேசை இருக்கும் இடத்தில், தனி ஃபீடர் ஸ்கேனர் ஒன்றும் மலிவான கண்ணாடி ஸ்கேனர் ஒன்றும் வாங்குவது எனக்குப் பிடித்த ஏற்பாடு. ஒன்று மக்கர் செய்தாலும் வேலை நிற்காது.

கண்ணாடியின் அளவைப் பாருங்கள். பெரும்பாலானவை ஏ4தான். லீகல் அளவுப் படிவம் 14 அங்குல நீளம். கீழே கையெழுத்துப் பகுதி வெட்டுப்படும். அதை ஃபீடரில்தான் ஓட்ட வேண்டும்.

ஏற்கெனவே உள்ள ஆல்-இன்-ஒன் பிரிண்டர் போதாதா என்றால், நாளுக்குப் பத்துப் பதினைந்து தாள் என்றால் போதும், புதிதாக வாங்காதீர்கள். அதற்கு மேலே போனால் அதன் ஃபீடர் தாங்காது. பிரிண்ட் வேலையும் ஸ்கேன் வேலையும் ஒன்றுக்கொன்று வழிமறிக்கும்.

ரிசப்ஷனிஸ்ட்டின் சொந்தப் போனில் படம் பிடிப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். நோயாளியின் ரிப்போர்ட் அந்த ஊழியருடைய கேலரியிலும் வாட்ஸ்அப்பிலும் கிளவுட்டிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். வேலையை விட்டுப் போகும்போது அவரோடு போய்விடும். ஸ்கேன் ஆப்பையும் நிரந்தரம் என்று நம்ப முடியாது: பலரும் பழகியிருந்த கேம்ஸ்கேனர், 2020 ஜூனில் மத்திய அரசு தடை செய்த 59 செயலிகளில் ஒன்று.

6. விவரப் பட்டியலில் பார்க்க வேண்டியவை

இருபக்கமும் ஒரே ஓட்டத்தில் எடுக்க வேண்டும். தாளைத் திருப்பி மறுபடி இழுக்கும் வகை மெதுவாக ஓடும், சிக்கவும் செய்யும். லேப் ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் டாக்டர் குறிப்பு எழுதுகிற பழக்கம் உள்ள இடத்தில் ஒருபக்க ஸ்கேனர் வாங்குவது வீண்.

இரட்டைத் தாள் கண்டுபிடிப்பு அல்ட்ராசோனிக் (காதுக்குக் கேட்காத ஒலி அலை) முறையில் இருக்க வேண்டும். இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு போனால் நடுவில் ஒரு பக்கம் சத்தமில்லாமல் காணாமல் போகும். நீளத்தை வைத்து மட்டும் கண்டுபிடிக்கும் மெஷினில், ஒரே அளவுத் தாள் இரண்டு கச்சிதமாக ஒட்டிப் போனால் தெரியாது. விலையைக் குறைக்க வேறு எதை விட்டாலும் இதை விடாதீர்கள். ஸ்டிக்கர் ஒட்டிய தாளையும் அது இரட்டைத் தாள் என்று நினைத்து நிறுத்தும். அவற்றைக் கண்ணாடியில் வைக்கலாம்.

பிடிக்கும் மிகச்சிறிய தாள் அளவு, மிக மெல்லிய தாள் எடை, மிக நீளமான தாள், இந்த மூன்றையும் உங்கள் இரண்டாவது கட்டோடு ஒப்பிடுங்கள். நீளத் தாள் வசதியில் சில மெஷின்கள் ஒரு நேரத்தில் ஒரு தாளைத்தான் ஏற்கும். இசிஜிக்கு அது போதும்.

நாளொன்றுக்கு இத்தனை தாள் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். மேசை ஸ்கேனர்களில் 3,000, 4,000 என்று இருக்கும். நீங்கள் ஓட்டப் போவது இருநூறு.

7. டிபிஐ, நிறம், சுருக்கம்: கவனம் தேவைப்படும் இடம்

மற்ற ஆபீசில் ஸ்கேன் கொஞ்சம் மங்கினால் பரவாயில்லை. இங்கே ஒரு புள்ளி தொலைந்தால் 0.5 மில்லிகிராம் 5 மில்லிகிராமாகப் படிக்கப்படும்.

300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு), கலர், இதுவே உங்கள் வழக்கமான அமைப்பாக இருக்கட்டும். கறுப்பு-வெள்ளை என்று வைத்தால் ஒவ்வொரு புள்ளியும் முழுக் கறுப்பாகவோ முழு வெள்ளையாகவோ மாறும். வெளிர் நீல பால்பாயிண்ட் எழுத்தும் கார்பன் நகலும் பென்சில் குறிப்பும் வெள்ளையாகி மறைந்துவிடும்.

இடம் அடைக்குமே என்ற பயம் வேண்டாம். ஏ4 தாள் 300 டிபிஐ கலரில் சுருக்காமல் 26 எம்பி வரும். ஆனால் பிடிஎஃப்பாகச் சுருங்கிய பின் பொதுவாக அரை எம்பி, ஒரு எம்பி அளவில் நிற்கும். பக்கத்துக்கு அரை எம்பி, நாளுக்கு 200 பக்கம், வருடம் 300 நாள் என்றால் வருடத்துக்கு 30 ஜிபிதான்.

அடுத்து, "தானாக அழகாக்கும்" வசதிகள். டீஸ்பெக்கிள் என்பது தூசிப் புள்ளிகளை நீக்குவது. அதற்குத் தூசிக்கும் தசமப் புள்ளிக்கும் வித்தியாசம் தெரியாது. அணைத்து வையுங்கள். கலர் டிராப்-அவுட் என்பது படிவத்தின் சிவப்புக் கோடுகளை மறைப்பது. இசிஜி தாளின் கட்டங்களும் சிவப்பு அல்லது இளஞ்சிவப்புதான்; வினாடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடிய தாளில் ஒரு சின்னக் கட்டம் 0.04 வினாடி. கட்டம் மறைந்த இசிஜியில் எதையும் எண்ண முடியாது. வெற்றுப் பக்கத்தை நீக்கும் வசதி உதவியானது. ஆனால் ஓரத்தில் ஒரே ஒரு வரி எழுதிய பக்கத்தையும் அது வெற்று என்று தள்ளக்கூடும். உணர்திறனைக் குறைத்து வைத்துச் சோதியுங்கள்.

சுருக்கும் முறையிலும் ஆபத்து உண்டு. 2013 ஆகஸ்டில் ஜெர்மனியைச் சேர்ந்த கணினி அறிஞர் டேவிட் க்ரீசல், சில ஜெராக்ஸ் வொர்க்சென்டர் மெஷின்களில் ஸ்கேன் செய்த ஆவணங்களில் எண்களே மாறிப் போவதை வெளிக்கொண்டு வந்தார். 6 இருந்த இடத்தில் 8. ஜேபிக்2 என்ற படச் சுருக்க முறையில், ஒரே மாதிரித் தெரியும் சின்ன உருவங்களை ஒன்றாகக் கருதி ஒன்றின் படத்தையே மற்ற இடங்களிலும் ஒட்டியதுதான் காரணம். மங்கலாக வந்திருந்தால் சந்தேகம் வரும். இதுவோ பளிச்சென்று தவறாக வந்தது. நிறுவனம் பிறகு திருத்த மென்பொருள் வெளியிட்டது. நீங்கள் செய்ய வேண்டியது எளிது: "மிகச் சிறிய ஃபைல்", "அதிகபட்சச் சுருக்கம்" போன்ற தேர்வுகளைத் தொடாமல் விடுங்கள்.

ஓசிஆர், அதாவது எழுத்துணரியை அச்சடித்த லேப் ரிப்போர்ட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். டாக்டரின் கையெழுத்தை அது படித்துத் தேடித் தரும் என்று நம்பி வேலையை அமைக்காதீர்கள். மருந்துக்கடைக்காரரே தடுமாறுகிற எழுத்து அது.

8. உங்கள் கட்டோடு போய்ச் சோதியுங்கள்

டீலரின் டெமோவில் புத்தம்புதிய ஏ4 தாள் சரசரவென்று ஓடும். எந்த மெஷினிலும் ஓடும். நீங்கள் இருபது, இருபத்தைந்து தாள் கொண்ட சோதனைக் கட்டு ஒன்றைத் தயார் செய்து கொண்டுபோங்கள்: நான்காய் மடித்து விரித்த தாள், பின் எடுத்த ஓட்டையோடு ஒரு தாள், அரைத்தாள் சீட்டு, கார்பன் நகல், இசிஜி துண்டு, பின்பக்கம் பென்சிலில் எழுதிய தாள், பிளாஸ்டிக் அட்டை ஒன்று. ஒரு தாளில் 0.5, 0.25, 6.8, 8.6 என்று சிறிய எழுத்தில் எழுதி வையுங்கள். உண்மையான நோயாளியின் காகிதம் ஒன்றுகூட இருக்க வேண்டாம். டெமோ லேப்டாப்பில் அது தங்கிவிடும்.

கட்டை மூன்று முறை ஓட்டுங்கள், ஒவ்வொரு முறையும் வரிசையைக் கலைத்து. பக்க எண்ணிக்கை சரியா, எண்கள் அப்படியே வந்தனவா என்று திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு தாளை ஓரத்தில் லேசாக ஒட்டி வைத்து, மெஷின் நிறுத்துகிறதா என்றும் பாருங்கள். சிக்கிய தாளை எடுக்க மூடியைத் திறக்கும் வேலையை, தினமும் ஓட்டப் போகிறவரையே செய்யச் சொல்லுங்கள். டாக்டர் மட்டும் போய்ப் பார்த்து வாங்கி வருவது நல்ல யோசனை அல்ல.

9. விலையைக் கூட்டும்போது

ஸ்கேனருக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. மருத்துவச் சேவைக்கு வரிவிலக்கு இருப்பதால் கிளினிக்குக்கு வாங்கும்போது கட்டிய வரி (உள்ளீட்டு வரி) திரும்பக் கிடைக்காது. எனவே வரியோடு சேர்ந்ததுதான் உங்கள் விலை.

இழுக்கும் ரோலரும் பிரிக்கும் ரோலரும் தேயும். எத்தனை தாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், செட் என்ன விலை, உங்கள் ஊரில் கிடைக்குமா என்று கேளுங்கள். வாரண்டி என்றால் ஆள் வருவாரா, நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா? சர்வீஸ் சென்டர் சென்னையில் மட்டும் இருந்தால், தென்காசியில் இருக்கிற கிளினிக்குக்கு அந்த வாரண்டியின் அர்த்தமே வேறு. ஒரே விலையில் இரண்டு மெஷின் வந்தால், உங்கள் மாவட்டத்தில் சர்வீஸ் உள்ளதை எடுங்கள்.

10. முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

ஃபைல் பெயருக்கு ஒரே விதி: ஓபி எண், தேதி, வகை. தேதியை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் போட்டால் தானாக அடுக்கிக்கொள்ளும். நோயாளியின் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். ஒரே பெயர், ஒரே இனிஷியல் உள்ளவர்கள் நிறைய, ஆங்கில எழுத்துக்கூட்டலும் ஆளுக்கு ஆள் மாறும்.

ஓட்டும் முன் தாளை விசிறிவிட்டுத் தட்டி அடுக்குங்கள். மழைக்காலத்தில் தாள் ஒன்றோடொன்று ஒட்டும். ஓட்டியதும் கையில் உள்ள தாளையும் திரையில் உள்ள பக்கத்தையும் எண்ணி ஒப்பிட வேண்டும். கிழிக்கலாம் என்று முடிவு செய்த தாளாக இருந்தாலும், தேதி எழுதிய பெட்டியில் ஒரு மாதமாவது கிடக்கட்டும்.

கணினிக்குத் தனித்தனி பாஸ்வேர்ட், டிஸ்க்குக்கு என்கிரிப்ஷன் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டுவது), இன்னொரு இடத்தில் ஒரு பேக்கப். 2023 ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், காகிதத்தில் வாங்கிப் பின்னர் டிஜிட்டலாக்கிய தகவலுக்கும் பொருந்தும். பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. ஸ்கேனர் மென்பொருள் தானாக ஏதாவது கிளவுட் கணக்குக்கு அனுப்புகிறதா என்றும் முதல் நாளே பார்த்து நிறுத்திவிடுங்கள்.

வாரம் ஒருமுறை கண்ணாடிப் பட்டையைத் துடைக்க வேண்டும். எல்லாப் பக்கத்திலும் ஒரே இடத்தில் மேலிருந்து கீழாகக் கோடு விழுந்தால், மெஷின் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். அந்தப் பட்டையில் ஒரு தூசியோ பசையோ இருக்கும். நூல் பிரியாத துணியும், கம்பெனி சொல்லும் திரவமும் போதும். மேசையில் கைக்கெட்டும் சானிடைசர் ஜெல்லை எடுத்துத் துடைத்துவிடாதீர்கள். அதிலுள்ள கிளிசரின் ரோலரில் படிந்தால் தாள் வழுக்கும். ரோலர் மாற்றிய அன்றே மென்பொருளில் உள்ள ரோலர் கவுண்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் அடுத்து எப்போது மாற்றுவது என்பது யாருக்கும் தெரியாது.